என் போனுக்கு வராத மணி

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து மோசம். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எங்கே பெரிய ‘ற’ வரும், எங்கே சின்ன ‘ர’ வரும் என்பதில் இன்றைக்கும் தடுமாற்றம்தான். அடித்து அடித்து எழுதியிருக்கிறேன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பேசிச் சொல்ல முடிந்திருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்கவே மாட்டேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது.

தாராவியில் இட்லி மாவு அரைத்து வீடுகளுக்குக் கொடுப்பது எங்கள் தொழில். எங்கள் என்றால் நானும் அண்ணனும். கூடப் பிறந்தவர் இல்லை. திருநெல்வேலிப் பக்கம் ஒரே ஊர்க்காரர், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். பம்பாய்க்கு வந்த புதிதில் ஒரே அறையில் தலைமாடு கால்மாடாகப் படுத்தோம். எனக்கு மஞ்சள்காமாலை வந்தபோது அவர்தான் சயான் ஆஸ்பத்திரியில் என்னோடு கிடந்தார். அண்ணே அண்ணே என்று கூப்பிட்டு அதுவே உறவாகிவிட்டது. அவர் மனைவி எனக்கு அண்ணி. அவர் மகளுக்கு நான் சித்தப்பா.

கிரைண்டரைச் சேர்ந்து வாங்கினோம். லைனைப் பிரித்துக்கொண்டோம். லைன் என்றால் ஒருவன் வழக்கமாக மாவு கொண்டுபோகிற கட்டடங்கள். செம்பூர் அவருக்கு, மாட்டுங்கா எனக்கு. மாட்டுங்கா எனக்கு ஒத்துப்போனதற்குக் காரணம் உண்டு. அங்கே பல வீடுகளில் கதவுக் கொக்கியில் ஒரு துணிப்பை தொங்கும். பாக்கெட்டை அதில் வைத்துவிட்டு இறங்கிவிடலாம். யாரிடமும் பேச வேண்டியதில்லை. இத்தனை வருஷத்தில் நான் பெல் அடித்தது அபூர்வம். ஆனாலும் அவர்களுக்கு என்னைத் தெரியும், எனக்கு அவர்களைத் தெரியும். எந்த வீட்டில் மாவு புளித்திருக்க வேண்டும், எந்த வீட்டில் புளிக்கவே கூடாது என்பது எனக்கு அத்துப்படி. மூன்றாவது மாடியில் தனியாக இருந்த ஒரு பெரியவர் மட்டும் பேப்பர் எடுக்கக் கதவைத் திறக்கும் நேரத்தில் என்னைப் பார்ப்பார். ஆபீஸ் வேலையில் ரிட்டையர் ஆனவர். “இன்னிக்குக் குளிர் ஜாஸ்தி” என்பார். “ஆமா சார்” என்பேன். அதுதான் எங்கள் பேச்சு.

எனக்கு இருந்த ஒரே சங்கடம் ஆர்டர் கேட்பதுதான். எல்லா வீட்டிலிருந்தும் அண்ணனுடைய போனுக்குத்தான் சொல்வார்கள். மத்தியானம் நான் அவர் பக்கத்தில் போய் நின்று, “நம்ம லைன்ல ஏதும் வந்திருக்கா அண்ணே” என்று கேட்க வேண்டும். அவர் யாரிடமாவது பேசிக்கொண்டிருப்பார். நான் நின்றுகொண்டே இருப்பேன். கேட்டால், “சும்மா வந்து நச்சரிக்காதடே, இப்பதான கேட்ட” என்பார். கேட்காமல் இருந்தால், “ஏம்ல கேக்கல? இந்தா வந்து கெடக்கு” என்பார். கேட்பது என்பது எனக்கு மூட்டை தூக்குவதைவிடக் கஷ்டம்.

அண்ணனின் மகள் கம்ப்யூட்டர் படித்துச் செம்பூரில் ஒரு ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள். நம் தொழிலுக்கென்று ஒரு ஆப் செய்யப்போகிறேன் என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து என் போனில் அதை ஏற்றினாள்.

“சித்தப்பா, இனிமே நீங்க யார்கிட்டயும் போய்க் கேக்க வேண்டாம். கஸ்டமர் அவங்க போன்ல ஆர்டர் போட்டதும் அது டேட்டாபேஸ்ல போய் உக்காந்துக்கும். எல்லா ஆர்டரும் அந்த ஒரே எடத்துலதான் இருக்கும். அங்க எது புதுசா வந்தாலும், எது மாறினாலும், அதுவே உங்க போனுக்குச் சொல்லிரும்.”

“எனக்குன்னு அதுக்கு எப்படிம்மா தெரியும்?”

“அதுக்குத்தான் சப்ஸ்கிரைப் பண்றது. பேப்பருக்குச் சந்தா கட்டற மாதிரி. எந்தெந்த பில்டிங் சேதி வேணும், எந்த மாதிரி சேதி வேணும்னு உங்க போன் முன்னாடியே சொல்லி வச்சுரும். சொல்லி வச்சது மட்டும் வரும். சொல்லாதது வராது.”

“போன் அணைஞ்சு கெடந்தா?”

“சேதி காத்திருக்கும் சித்தப்பா. நீங்க போனைப் போட்டதும் வரும். பார்த்துட்டேன்னு நீங்க தொடுற வரைக்கும் அது விடாது. டென்ஷனே வேண்டாம்.”

எனக்கு இங்கிலீஷ் வராது என்பதால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம் வைத்துக் கொடுத்தாள். புது ஆர்டருக்குக் கோயில் மணி மாதிரி. அளவு கூட்டிக் குறைத்தால் இரண்டு தட்டு. ரத்து செய்தால் தண்ணீர் சொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். கட்டடமும் வீட்டு நம்பரும் திரையில் வரும். நம்பர் எனக்கு வாசிக்க வரும்.

அந்த மணி அடித்த முதல் வாரம் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. எவர் முகத்தையும் பார்த்து நிற்க வேண்டியதில்லை. சேதி தானாக என்னைத் தேடி வந்தது. “உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு” என்று என் மனைவி சொன்னாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

போன மழைக்காலத்துக்குப் பிறகு மணி குறைய ஆரம்பித்தது. முதலில் ஒரு தெரு முழுக்க ஓய்ந்தது. பிறகு அதற்கடுத்த தெரு. சொட்டுச் சத்தம் மட்டும் அவ்வப்போது கேட்கும். அந்த வீடு ரத்து, இந்த வீடு ரத்து. மணியே அடிக்காத வீட்டிலிருந்து ரத்து எப்படி வரும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவும் செய்தேன். இனிமேல் மாவே வேண்டாம், வராதே என்று சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். என் கையில் ஏதோ குறை வந்துவிட்டது என்று நினைத்தேன். ஊறப்போடும் நேரத்தை மாற்றிப் பார்த்தேன். உளுந்து வாங்கும் கடையை மாற்றச் சொன்னேன்.

அண்ணன் வெளிப்படையாகவே வருத்தப்பட்டார். “இப்ப எல்லாம் பத்து நிமிஷத்துல கொண்டு வாரவன் வந்துட்டாம்லா. மாட்டுங்காக்காரன் எல்லாம் படிச்சவன். பட்டனத் தட்டி அவங்கிட்ட வாங்குதான். நாம என்ன செய்ய?”

“மாவு அதே அளவுதான அரைக்கோம்?”

“செம்பூர்ல ஏறியிருக்குடே. சாமி அங்க குடுத்து இங்க எடுக்காரு. நீ இங்க கடையில நில்லு. வெயில்ல சைக்கிள் மிதிச்சு ஒனக்கு முட்டி வேற வலிக்கி.”

அதே சமயத்தில்தான் அண்ணியின் தம்பி ஊரிலிருந்து வந்து சேர்ந்திருந்தான். அங்கே வைத்திருந்த கடை நஷ்டமாகி மூடிவிட்டு வந்தவன். நல்ல பையன். என்னை அத்தான் என்று கூப்பிடுவான். நான் என் மிச்ச வீடுகளுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து கிரைண்டர் பக்கத்தில் நிற்கும்போது அவன் ஸ்கூட்டரில் இரண்டு பெரிய பைகளை மாட்டிக்கொண்டு கிளம்புவான். நானே பல நாள் பையைத் தூக்கிக் கொடுத்திருக்கிறேன்.

வெளியே கிளம்புகிறவனை எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் அது பெரிய தப்பு. கேட்டால் போகிற காரியம் விளங்காது. எங்கள் சந்தில் மாவு, முறுக்கு, பழம் என்று விற்கிற எல்லோரும் ஒருவருக்கொருவர் காலையில் இதைக் கேட்கவே மாட்டோம். சரக்கோடு நிற்கிறவனிடம் இன்றைக்கு எவ்வளவு ஓடும் என்றும் கேட்க மாட்டோம். அவன் ஸ்கூட்டரை உதைப்பான். “வாரேன் அத்தான்” என்பான். “நல்லபடியா போயிட்டு வா” என்று அனுப்பிவைப்பேன். அவன் போனது மாட்டுங்காவுக்கு என்பது பிறகுதான் தெரிந்தது. என் தெருக்களுக்கு. என் கையால் பையை வாங்கிக்கொண்டு போனான்.

ஒரு நாள் அந்தச் சொட்டுச் சத்தம் கேட்டது. போனை எடுத்துப் பார்த்தால் மூன்றாவது மாடிப் பெரியவர் வீட்டு நம்பர். ரத்து.

அவர் வீட்டு ஆர்டர் வந்து எத்தனையோ வாரம் ஆகியிருந்தது. மற்ற வீடுகளைப் போல அவரும் விட்டுவிட்டார் என்று நினைத்து வருத்தப்பட்டதும் உண்டு. இப்போது ரத்து என்று வந்ததும் எனக்கு வேறு பயம் வந்தது. தனியாக இருக்கிறவர். உடம்புக்கு ஏதாவது ஆகி, யாராவது அவர் கணக்கையே மூடுகிறார்களோ என்று தோன்றியது. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். மாடியேறி நின்றால் கொக்கியில் அதே பை தொங்குகிறது. கொஞ்ச நேரம் பெல்லைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு அடித்தேன்.

அவரே வந்து திறந்தார். நல்லபடியாகத்தான் இருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“அட, நீயா? ஊர்லேர்ந்து எப்ப வந்தே?”

“ஊர்லேருந்தா சார்?”

“உனக்கு முட்டி முடியலை, நீ ஊரோட போயிட்டேன்னு சொன்னானேப்பா அந்தப் பையன். ஸ்கூட்டர்ல வருவானே. ஒரு வார்த்தை சொல்லிக்காமப் போயிட்டியேன்னு எனக்குக்கூட வருத்தம்தான்.”

“மாவு வேண்டாம்னு ரத்து வந்துது சார்” என்றேன்.

“நாளைக்கு மட்டும்தானே வேண்டாம்னேன். தாணேல பொண்ணாத்துக்குப் போறேன். நேத்திக்குக்கூட வந்துதே. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வாங்கிண்டுதான் இருக்கேன். நன்னாத்தான் இருக்கு, உங்க மாவுதானே?”

“ஆமா சார். எங்க மாவுதான்.”

“உள்ள வா. தண்ணி குடி. ஏன் இப்படி வேர்க்கறது?”

நான் உள்ளே போகவில்லை. வேலை இருக்கிறது என்று சொல்லி இறங்கிவிட்டேன். படியில் பாதி இறங்கியதும் உட்கார்ந்துவிட்டேன். வீட்டு வேலைக்கு ஏறி வந்த ஒரு அம்மாள் ஓரமாக ஒதுங்கிப் போனாள்.

என்னை ஏமாற்றியது யார் என்று அப்போதும் எனக்கு மனதில் ஓடவில்லை. ஆப்தான் கெட்டுவிட்டது, மணி வரவேண்டிய இடத்தில் ஏதோ அடைத்துக்கொண்டது என்று நினைக்கப் பார்த்தேன். ஊருக்குப் போய்விட்டேன் என்று அந்தப் பையன் சொன்னதை மட்டும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டுப் பஸ் ஏறிச் செம்பூர் போனேன். அண்ணனின் மகளுக்குப் போன் செய்தேன். அவள் ஆபீசிலிருந்து இறங்கி வந்து, எதிரில் டீக்கடையில் என்னைப் பார்த்ததும் பயந்துபோனாள்.

“என்ன சித்தப்பா, சித்திக்கு ஏதும் உடம்பு சரியில்லையா?”

“அதெல்லாம் இல்லம்மா. என் போன்ல மணி அடிக்கல. சொட்டுச் சத்தம் மட்டும் வருது. பாரு.”

அவள் போனை வாங்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

“நீங்கதான சித்தப்பா வேண்டாம்னீங்க?”

“நானா?”

“அப்பா சொன்னாங்க. சித்தப்பாவுக்கு முட்டி வலி, மாடி ஏற முடியல, அந்தத் தெரு புது ஆர்டர், அளவு மாத்தறது எல்லாத்தையும் மாமா போனுக்கு மாத்திருன்னு. முதல்ல ஒரு தெரு, அப்புறம் இன்னொண்ணு. நீங்களே கேட்டதா சொன்னாங்க. கேன்சலைப் பத்தி ஒண்ணும் சொல்லல, அதனால அதுல மாமாவையும் சேர்த்தேன், உங்களை எடுக்கல. அது உங்க பேர்லயும் இருந்துருச்சு.”

சொல்லச் சொல்ல அவளுக்கும் புரிந்துவிட்டது. டீ கொடுத்தவன் இரண்டு தரம் கிளாசை நீட்டியும் வாங்கவில்லை.

“உங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும் சித்தப்பா. அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்.”

“நானும் அப்படித்தாம்மா இருந்தேன்” என்றேன்.

இப்போதே திருப்பிச் சேர்த்துவிடவா, ஒரு நிமிஷ வேலைதான் என்றாள். இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அண்ணன் அப்போது கிரைண்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். மகள் அதற்குள் போனில் சொல்லியிருக்க வேண்டும். நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் வழக்கம்போலப் பக்கத்தில் போய் நின்றேன்.

“என்ன நிக்க? சொல்லு.”

நான் போனை எடுத்து அந்த ரத்தைக் காட்டினேன்.

“அவன் கடையை மூடிட்டு வந்து நிக்கான். ஒங்க அண்ணி நெதம் அழுகா. ரெண்டு புள்ள அவனுக்கு. நீ மகளக் கட்டிக் குடுத்துட்ட. ஒனக்கு என்ன கவல? கடையில நின்னாலும் ஒன் பங்கு ஒனக்கு வரத்தான செய்யுது. கொறச்சனா?”

“பங்கக் கேக்கல அண்ணே.”

“பெறவு என்னத்தக் கேக்க?”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்.”

அவர் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். “சொன்னா மட்டும் என்ன? சரி அண்ணேன்னுதான் சொல்லியிருப்ப. ஒன்னைய எனக்குத் தெரியாதா?”

“சரின்னுதான் சொல்லியிருப்பேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா.”

“நீ கேட்டியா? இத்தன மாசமா ஒன் லைன் ஓடல. அடுத்தவனா இருந்தா வந்து சட்டையப் பிடிச்சிருப்பான். நீ வாயத் தொறக்கல. தொறக்க மாட்டன்னு தெரியும்.”

அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மாவு இன்னும் கொஞ்சம் ஆட்டணும் என்று சொல்வதுபோலச் சொன்னார். லைனை எடுத்ததுகூட எனக்குப் பெரிதில்லை. மஞ்சள்காமாலையில் கண்ணைத் திறந்து பார்த்தபோதெல்லாம் எதிரில் உட்கார்ந்திருந்த மனுஷன் அவர். என் சுபாவம் அவருக்குத் தெரிந்த அளவு என் மனைவிக்குக்கூடத் தெரியாது. அந்தத் தெரிந்ததை வைத்துத்தான் செய்தார். ஆப் என்னிடம் பொய் சொல்லவில்லை. யாருக்குச் சொல்லு என்றார்களோ அவர்களுக்குச் சொன்னது. மணி அடிக்காவிட்டால் ஆர்டர் இல்லை என்று நம்பினேன். அப்படித்தான் நம்புவேன் என்று தெரிந்த ஒருவர் அந்தப் பக்கத்தில் இருந்தார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் முதலில் அண்ணனைத் திட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். “அந்தப் போனுக்கு வாயடைச்சா ஒங்களுக்கும் அடைச்சிருமா? ஊருக்குப் போயிட்டாருன்னு சொல்லியிருக்கான். நாளைக்குச் செத்துட்டாருன்னும் சொல்லுவான். அப்பவும் சொட்டுச் சத்தம் கேட்டுக்கிட்டு உக்காந்திருங்க.” சொல்லிவிட்டு அழுதாள். பிறகு சோறு போட்டாள்.

மறுநாள் அண்ணன் ஆள் அனுப்பினார். பழையபடி மாட்டுங்காவை எடுத்துக்கொள், அவனுக்கு வேறு ஏதாவது பார்க்கிறேன் என்று. நான் போகவில்லை. அவரே மாலையில் வாசலுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வந்து உட்கார்ந்தார். காப்பி குடித்தார். “எல்லாத்தையும் பழையபடி போட்டுருவோம்டே” என்றார். முடியாது அண்ணே என்றேன். அவரிடம் நான் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவருக்கு நம்ப முடியவில்லை. டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

இப்போது நான் தனி. சந்தின் மறுகோடியில் ஒரு விதவைப் பெண் மாவு அரைக்கிறாள். அவளிடம் வாங்கிக் கொண்டுபோகிறேன். தொடங்குவதற்கு முன்னால் மாட்டுங்காவில் என் பழைய வீடுகள் அத்தனைக்கும் ஏறிப் பெல் அடித்தேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் சொல்ல வந்தது. “நான் ஊருக்குப் போகல, இங்கதான் இருக்கேன்.” சிலர் சிரித்தார்கள். சிலர் மாவு வேண்டும் என்றார்கள். ஆப் சௌகரியமாக இருக்கிறது, அதையே வைத்துக்கொள்கிறோம் என்று பலர் சொல்லிவிட்டார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. மூன்றாவது மாடிப் பெரியவர் இரண்டு பேரிடமும் வாங்குகிறார். யாரையும் விட மனசில்லை என்கிறார்.

அண்ணனின் மகள் ஒரு நாள் வந்தாள். ஆப்பில் ஒன்றைப் புதிதாகச் சேர்த்திருக்கிறேன் என்றாள். “இனிமே யாரையாவது ஒரு சேதியிலேர்ந்து எடுக்கணும்னா முதல்ல அவங்க போனுக்கே சொல்லும் சித்தப்பா. அவங்க சரின்னு தொட்டாத்தான் எடுக்கும். அப்பாவே சொன்னாலும் எடுக்காது.”

“நல்லதும்மா” என்றேன். அவள் என் போனை ஆசையாகப் பார்த்தாள். அதில் அந்த ஆப் இல்லை என்று நான் சொல்லவில்லை. பார்த்தபோது அவளுக்கே தெரிந்திருக்கும்.

அண்ணனைத் தண்ணீர்க் குழாயடியில் தினமும் பார்க்கிறேன். ஒரே சந்து, பார்க்காமல் இருக்க முடியாது. “சாப்பிட்டியா” என்பார். “ஆச்சு அண்ணே” என்பேன். அவர் குடத்தை நான் நகர்த்தி வைப்பேன். அதற்கு மேல் இரண்டு பேரும் பேசுவதில்லை. அவருக்கு என்மேல் கோபம் என்று கேள்விப்பட்டேன். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இத்தனை வருஷத்தை அறுத்துவிட்டான் என்று சொல்கிறாராம். சின்ன விஷயம்தான். அவர் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.

தை மாதம், பொங்கல் கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, தாராவி.